வண்டியை மாற்றுவதா, வந்தபடியே வைப்பதா?



முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சில நாட்களாக என் மேசையில் கிடக்கிறது. நான்கு பக்கக் கடிதம். பிள்ளை வளர்ப்பு, மாமி மருமகள் மனத்தாங்கல், வீட்டுச் செலவு என்று வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு வருகின்ற கடிதங்களைப் போன்றதல்ல அது. "ராத்தா, கார் விஷயத்தைப் பெண்ணிடம் கேட்கிறாளே என்று சிரிக்க வேண்டாம்" என்றுதான் தொடங்கியிருக்கிறார். நான் சிரிக்கவில்லை. படித்து முடித்தபோது எனக்குச் சிரிப்பு வரவுமில்லை.

விஷயம் இதுதான். கட்டாரில் இருக்கும் அவருடைய தம்பி, தம் மருமகனுக்குத் தொழிலாகட்டும் என்று ஒரு பழைய மிட்சுபிசி லான்சர் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கட்டுநாயக்காவுக்கு ஆட்களை ஏற்றிப் போவது, ஆஸ்பத்திரிப் பயணம், கலியாண ஹயர் என்று கார் நன்றாகவே ஓடுகிறது. மாதம் முடிய வீட்டுக்குக் காசு வருகிறது. மகனுக்கு இருபத்திரண்டு வயது. இப்போது அவனுக்கு அந்தக் கார் போதவில்லை. எஞ்சினுக்கு டர்போ பூட்ட வேண்டும், ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்த வேண்டும், சத்தம் போடுகிற சைலன்சர் வேண்டும், கண்ணைப் பறிக்கிற வெள்ளை விளக்கு வேண்டும் என்கிறான். வவுனியாவில் ஒரு கராஜில் விலையும் கேட்டு வந்துவிட்டான். அந்தக் காசுக்கு இருக்கின்ற ஒரே வழி உம்மாவின் இரண்டு காப்புகள். அவை இளைய மகளின் கலியாணத்துக்கென்று எடுத்து வைத்தவை.

"கணவர் பொடியனின் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்கிறார். மகன் என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரியாத விஷயத்தில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

உரிமை இருக்கிறது. தெரியாத விஷயமும் அல்ல. எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னர் என் வாப்பாவின் காரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

வாப்பாவிடம் ஒஸ்டின் ஏ-40 ஒன்று இருந்தது. முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் எங்கள் வீட்டு மாமரத்தின் கீழ் நிற்கும். 1200 சீசீ எஞ்சின், 40 குதிரை வலு. இன்றைய பிள்ளைகளுக்கு இது ஒரு வேகமாகவே தெரியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றியபோது, ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் வீடு, காணி, கடை, வாகனம் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினோம் அல்லவா? அந்தக் காரும் மாமரத்தின் கீழேயே நின்றது. புறப்படும்போது வாப்பா சாவியை முள்ளியவளையில் இருந்த ஒரு மெக்கானிக் அண்ணரிடம் கொடுத்தார். "தம்பி, முடிந்தால் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் வவுனியா வழியாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தோம்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியதிலிருந்தே வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தது. டீசலும் பற்றரியும் சீமெந்தும் அந்தத் தடையில் அடங்கின. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து கிடைத்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெற்றோல் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதில் உயிர் பெறாது. ஒரு சிறு போத்தலில் பெற்றோலை உயிரைப் போலச் சேமித்து வைத்து, அதில் சில துளியைக் காபரேட்டருக்குக் கொடுத்து எஞ்சினை முடுக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெண்புகை சூழும். பின்னே சைக்கிளில் வருகிறவருக்குக் கண் எரியும். ஆனால் வண்டி ஓடும். பிரசவ வலியெடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எஞ்சின் ஒவ்வொன்றும் தன் உருளைக்குள் எரிபொருட் கலவையை ஓர் அளவுக்கு அமுக்குகிறது. அந்தப் பழைய ஒஸ்டின் ஏழில் ஒரு பங்காக அமுக்கும். பிற்காலத்து யப்பான் கார்கள் ஒன்பதில், பத்தில் ஒரு பங்காக அமுக்கும். கூட அமுக்கினால் கூட வலு கிடைக்கும். ஆனால் அந்த அமுக்கத்தையும் சூட்டையும் தாங்குகிற நல்ல பெற்றோல் வேண்டும். தாங்காத எரிபொருள், பிளக்கின் பொறி கொளுத்த வேண்டிய முறைக்குக் காத்திராமல் தானாக வெடிக்கும். ஏற்றத்தில் "டக் டக்" என்று சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்பது அதுதான். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் பழுதாகும், சில வேளை ஓட்டையே விழும். மண்ணெண்ணெய் அப்படித் தாங்காத எரிபொருள். அதனாற்றான் புதிய கார்கள் தடுமாறிய இடத்தில் பழைய ஒஸ்டினும் மொரிஸும் மூச்சு வாங்கியபடியாவது ஓடின.

மண்ணெண்ணெயை ஒரு கம்பனி முறையாகப் பாவித்த கதையும் உண்டு. இங்கிலாந்தின் பழைய பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, அத்தகைய மலிந்த எண்ணெயிலேயே ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. செய்தவர்கள் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடவில்லை. அமுக்கத்தைக் குறைத்தார்கள். எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்க ஏற்பாடு வைத்தார்கள். முடுக்குவதற்குப் பெற்றோலுக்குத் தனி இடம் வைத்தார்கள். ஒன்றை மாற்றினால் அதனோடு எவை எவை மாற வேண்டும் என்று கணக்குப் பார்த்தார்கள்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது வாப்பாவும் நானும் முள்ளியவளைக்குப் போனோம். வாப்பாவுக்குக் கார் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் அது இருந்தது. நிறம் மங்கி, இருக்கை கிழிந்து, பொனட்டுக்குள் போத்தலும் குழாயுமாக, பார்க்கவே அடையாளம் தெரியாமல் நின்றது. மெக்கானிக் அண்ணர் வெட்கப்பட்டவர் போலத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரப் பேணியைக் கொண்டுவந்து வாப்பாவின் கையில் கொடுத்தார்.

பேணிக்குள், எண்ணெய் பூசிய துணியில் சுற்றியபடி, அவர் காரிலிருந்து கழற்றிய ஒவ்வொரு பாகமும் இருந்தது. காபரேட்டரின் பழைய ஜெட், எரிபொருட் குழாய், ஆணிகள், வாஷர்கள்கூட.

"நானா, மாத்தினது என்ர தேவைக்கு. வண்டி உங்கட. உங்கட சாமானை நான் எறியேலுமோ?" என்றார்.

வாப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கார் உன்னிடமே இருக்கட்டும் தம்பி. எனக்குப் புத்தளத்தில் பஸ் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பேணியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். 2009 இல் இறுதிப் போரின்போது அந்த அண்ணர் உயிர் தப்பி வந்தார். கார் வரவில்லை. கரையோரத்தில் குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான வாகனங்களுக்குள் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். பேணி இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது.

சகோதரி, உங்கள் கேள்விக்கு அந்தப் பேணிக்குள்ளேயே பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வண்டியை மாற்றுவது குற்றமல்ல. வன்னி மக்கள் மாற்றித்தான் பிழைத்தார்கள். போரில் காலிழந்தவர்கள் பின்பக்கம் மேலும் இரு சில்லுகள் பூட்டிய ஸ்கூட்டரில் கடைக்குப் போய்வருகிறார்களே, அதுவும் மாற்றம்தான். எவ்வளவு நல்ல மாற்றம்! ஆகவே மாற்றலாமா கூடாதா என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. எதற்காக மாற்றுகிறோம், ஒன்றைத் தொட்டால் இன்னும் எவற்றைத் தொட வேண்டிவரும், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள், பிழைத்தால் பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

எதற்காக என்று முதலில் பார்ப்போம். அண்ணருக்குப் பெற்றோல் இல்லை. அதனால் மாற்றினார். உங்கள் மகனின் காருக்கு இல்லாதது என்ன? ஹயர் குறைகிறதா? ஆட்கள் வேகம் போதாது என்கிறார்களா? நம் நாட்டில் காருக்கு ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், ஊருக்கு வெளியே 70 கிலோமீற்றர் என்பதே சட்டம். அதிவேகப் பாதையில் 100. தொழிற்சாலையில் செய்து வந்தபடியே அந்தக் கார் இவை எல்லாவற்றையும் தாண்டி ஓடவல்லது. அப்படியிருக்க, ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில், இரவில் மாடுகள் படுத்திருக்கும் பாதையில், அந்த மேலதிக வலுவுக்கு வேலை என்ன? மகனிடம் கோபிக்காமல் கேளுங்கள். நண்பர்கள் பார்க்க வேண்டும் என்பதே விடையானால் அதை அவனே தன் வாயால் சொல்லட்டும்.

அடுத்தது, ஒன்றைத் தொட்டால் வேறெதைத் தொட வேண்டும் என்பது. இங்கேதான் உங்களுக்கு விஷயம் தெரியும் என்று சொன்னேன். உங்கள் வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறதா? இறைச்சி சீக்கிரம் வேக வேண்டும் என்பதற்காக அதன் வெயிட்டுக்கு மேல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பீர்களா? வைக்க மாட்டீர்கள். இறைச்சி சீக்கிரம் வெந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குக்கரின் உடலும் மூடியும் ரப்பரும் அந்த அமுக்கத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல என்று உங்களுக்குத் தெரியும். டர்போவும் ஏறக்குறைய அந்தக் கல்தான். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தால் சுழன்று, கூடுதலான காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிற கருவி அது. காற்றுக் கூடினால் எரிபொருளும் கூட வேண்டும். வலுவும் கூடும், அமுக்கமும் சூடும் கூடும். டர்போவோடு கார் செய்கிற கம்பனிகள் அதற்கேற்ப எஞ்சினின் அமுக்கத்தைக் குறைத்து, பிஸ்டனைப் பலப்படுத்தி, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் குளிர்விக்கும் வசதியைக் கூட்டித்தான் செய்கின்றன. இவை எதுவும் இல்லாமல் சாதாரண எஞ்சினில் டர்போவைப் பூட்டினால், மண்ணெண்ணெய்க் காரில் கேட்ட அதே "டக் டக்" இங்கேயும் கேட்கும். அன்று எரிபொருள் அமுக்கத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. இன்று அமுக்கம் எரிபொருளை மிஞ்சுகிறது. வியாதி ஒன்றுதான்.

எஞ்சின் தாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். கிளச் தாங்குமா? கியர்பெட்டி தாங்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் தாங்குமா? வேகமாக ஓடச் செய்த கையோடு வேகமாக நிறுத்தவும் செய்ய வேண்டாமா? கராஜில் சொன்ன விலையில் பிரேக்குக்கு எவ்வளவு என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கடதாசியில் பிரேக் என்ற சொல்லே இராது.

ஸ்பிரிங்கை வெட்டுவதும் அப்படியே. கார் தாழ்ந்தால் பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஆனால் குழியில் விழும்போது மேலும் கீழும் ஆடிக்கொடுக்க இடம் இல்லாமற் போகும். டயர் உரசும். அடிப்பாகம் கல்லில் அடிபடும். ஹெட்லைட்டின் நோக்கு மாறிவிடும். நம் பகுதியில் கார்த்திகை, மார்கழி மழைக்குக் குறுக்குப் பாதைகள் எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? காற்று உறிஞ்சும் குழாயையும் தாழ்வாகப் பூட்டிவிட்டால், வெள்ளத்தில் இறங்கியதும் எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிடும். தண்ணீர் காற்றைப் போல் அமுங்காது. எஞ்சினுக்குள் இருக்கும் இரும்புத்தண்டு வளைந்துவிடும். அதற்குப் பிறகு காரும் இல்லை, ஹயரும் இல்லை.

மூன்றாவது, விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது. காசு உம்மாவின் காப்பு. காப்பு தங்கச்சியின் கலியாணம். கார் மாமாவின் உழைப்பு. மகன் இதில் போடுவது ஆசையை மட்டும்தான். இது கடுமையான பேச்சு என்று நினைக்க வேண்டாம், கணக்கு. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கார் பழுதானால் இன்னொன்று எடுப்பது எளிதல்ல.

காப்புறுதியையும் மறக்க வேண்டாம். நிறுவனத்துக்கு அறிவிக்காமல் காரின் அமைப்பை மாற்றியிருந்தால், விபத்து நேர்ந்த பிறகு இழப்பீட்டை மறுப்பதற்கு அதுவே காரணமாகலாம். எஞ்சினை மாற்றினாலும் நிறத்தை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவிலும் மாற்ற வேண்டும். 2025 ஜனவரியில் பொலிசார் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் சட்டத்துக்குப் புறம்பாகப் பூட்டியவற்றைக் கழற்ற வைத்தது நினைவிருக்கும். காசு கொடுத்துப் பூட்டியவர்கள், காசு கொடுத்தே கழற்றினார்கள்.

சைலன்சரின் விலையையும் உங்கள் வீடு மட்டும் கொடுக்கப் போவதில்லை. தொட்டிலில் உறங்கும் பிள்ளை, பக்கத்து வீட்டு நோயாளி, பரீட்சைக்குப் படிக்கும் மாணவி எல்லாரும் கொடுப்பார்கள். கண்ணைப் பறிக்கும் விளக்கின் விலையை எதிரே சைக்கிளில் வருகிற ஒரு கூலித் தொழிலாளி கொடுப்பார். அவர்களிடம் நாம் கேட்டோமா?

வேகம் ஒரு கலை, விளையாட்டு என்று மகன் வாதிடலாம். மறுக்க வேண்டாம். நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டி 1934 இலேயே தொடங்கிவிட்டது. கட்டுக்குருந்தையிலும் ஓட்டப் போட்டி நடப்பதுண்டு. அங்கே ஓடும் கார்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. ஓட்டுபவருக்குத் தலைக்கவசம், பட்டி, பக்கத்தில் அம்புலன்ஸ் எல்லாம் உண்டு. அத்தனையும் இருந்தும், 2024 ஏப்ரல் 21 இல் தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டியில் கார் பாதையை விட்டு விலகி ஏழு உயிர்கள் போயின. ஏற்பாடு செய்த இடத்திலேயே அப்படியானால், ஆட்டுக்குட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் குறுக்கே வருகிற பாதையில் எப்படி?

கடைசியாக, பழையபடி ஆக்க முடியுமா என்பது. அண்ணர் ஜெட்டைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தார். அவர் செய்த மாற்றத்துக்குத் திரும்பி வரும் பாதை இருந்தது. வெட்டிய ஸ்பிரிங்கை ஒட்ட முடியாது. ஓட்டை விழுந்த பிஸ்டனை அடைக்க முடியாது. விற்ற காப்பைப் பழைய விலைக்கு வாங்க முடியாது. மற்றக் கேள்விகளில் மயக்கம் இருந்தாலும் இந்த ஒன்றில் தெளிவு இருந்தால் போதும். திரும்பி வர முடியாத மாற்றத்தை, தேவை கழுத்தைப் பிடித்தாலன்றிச் செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேவைக்குச் செய்த மாற்றத்துக்கும் விலை இருந்தது. மண்ணெண்ணெய் முழுவதும் எரியாமல் கசிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்து, ஒயிலைத் தண்ணீராக்கி, உள்ளே தேய்மானத்தை உண்டாக்கியது. அண்ணர் அடிக்கடி ஒயிலை மாற்ற வேண்டியிருந்தது என்று சொன்னார். 2022 பொருளாதார நெருக்கடியில், ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக ஏறியபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தது. மீண்டும் அந்தப் பழைய வித்தைக்குப் பலர் போனார்கள். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவாகியது. விலையில் இருந்த ஆதாயம் சுருங்கியது. எஞ்சினில் விழுந்த தேய்மானம் அப்படியே இருந்தது.

சகோதரி, இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

மகனோடு சண்டை வேண்டாம். வேண்டாம் என்ற ஒரு சொல்லோடு அறைக் கதவைச் சாத்தவும் வேண்டாம். அவனையும் அவன் வாப்பாவையும் அமர்த்தி, ஒரு கொப்பியில் இரண்டு பக்கமாக எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் அவன் கேட்கும் மாற்றங்களும், அவற்றோடு கட்டாயம் சேர வேண்டிய பிரேக், கிளச், குளிர்விப்பு, காப்புறுதி எல்லாவற்றின் முழு விலையும். மறுபக்கத்தில் கார் வந்தபடியே நின்றால் அதற்குச் செய்ய வேண்டிய நல்லவை: நான்கு நல்ல டயர், புதிய பிரேக் பட்டைகள், தேய்ந்த ஷொக் அப்சோபர், ரேடியேட்டர் துப்புரவு, பின் இருக்கைக்குச் சரியான பட்டி. கராஜ்காரர் அல்லாத இன்னொரு மூத்த மெக்கானிக்கிடம் அந்தக் கொப்பியைக் காட்டி வரச் சொல்லுங்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை உம்மாவின் பேச்சைத் தட்டலாம். கறுத்த கையோடு நிற்கிற மெக்கானிக்கின் பேச்சை எளிதில் தட்ட மாட்டான்.

ஆசை முழுவதையும் மறுக்க வேண்டியதில்லை. நல்ல இருக்கை உறை, நல்ல பாட்டுப் பெட்டி, தரமான டயர் எல்லாம் கழற்றக்கூடியவை, எவருக்கும் கேடில்லாதவை. அவற்றை அவன் ஹயர்க் காசில் மாதம் கொஞ்சமாகச் சேர்த்துச் செய்யட்டும். கழற்றுகிற ஒவ்வொன்றையும் போட்டு வைக்க ஒரு தகரப் பேணியை நீங்களே கொடுங்கள். அவன் ஏன் என்று கேட்டால் முள்ளியவளை அண்ணரின் கதையைச் சொல்லுங்கள். தன்னுடையதல்லாத காரின் வாஷரைக்கூட எறியாமல் பன்னிரண்டு வருடம் காத்த மனிதரின் கதை, உங்கள் அறிவுரையை விட அதிக தூரம் போகும்.

டர்போவையும் வெட்டிய ஸ்பிரிங்கையும் பொறுத்தவரை என் பதில் வேண்டாம் என்பதுதான். காரைப் பற்றித் தெரியாதவள் சொல்கிறாள் என்று எவராவது சொன்னால், குக்கரைக் காட்டுங்கள்.

ஒன்பது நாள் பேசாத பிள்ளை பத்தாம் நாள் பேசுவான், இன்ஷா அல்லாஹ். அவனுக்குப் பசிக்கும், உங்களிடம்தான் வருவான். அப்போது காப்பு உங்கள் கையில் இருக்கட்டும். கார் முற்றத்தில் நிற்கட்டும். என்ன முடிவாயிற்று என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.